தள்ளிப்போடும் மாத்திரை

எங்கள் வீட்டு அடுப்படியில் தொங்கும் காலண்டரில் வட்டம் போடுவது என் கணவரின் வேலை. மளிகைக்கடையில் கொடுத்த காலண்டர், தேதிக்கு ஒரு பெரிய கட்டம். எனக்கு மாதவிலக்கு வருகிற நாளில் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போடுவார். போட்டு முடித்து மூடியைச் சொருகும்போது ஒரு பெருமூச்சு வரும். எனக்குக் கேட்கவில்லை என்று அவருக்கு நினைப்பு. ஊரப்பாக்கத்தில் நாங்கள் இருப்பது ஒற்றைப் படுக்கையறை வாடகை வீடு; அடுப்படியில் விடுகிற மூச்சு வாசல்வரை கேட்கும்.

கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியும் குழந்தை இல்லை. வலி அதற்கெல்லாம் முந்தியது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து என்னோடு இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நான் செய்த காரியம் யாருக்கும் புரியாது. அடிவயிற்றை ஈரத்துணி மாதிரி முறுக்கிப் பிழியும். தொடைக்கு இறங்கும், முதுகுக்கு ஏறும். அந்த மூன்று நாளும் கழிவறையில் உட்கார்ந்து எழுந்திருப்பதற்குள் உயிர் போய்த் திரும்பும். யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: "எல்லாருக்கும் இருக்கிறதுதானே. ஒரு குழந்தை பொறந்தா சரியாப் போயிடும்." வலி போகக் குழந்தை வேண்டுமாம். அந்தக் குழந்தையை வரவிடாமல் தடுப்பதே இந்த வலிக்குக் காரணமான நோய்தான் என்று ஒருத்திக்கும் தெரியவில்லை, எனக்கும்தான்.

மறைமலைநகரில் கார்களுக்கு பிரேக் குழாய் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கடைசி சோதனை மேஜை என்னுடையது. எட்டு மணி நேரமும் நின்றபடிதான். குழாயை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நன்றாக இருந்தால் பச்சைப் பெட்டியில் போட வேண்டும், கீறல் இருந்தால் சிவப்புப் பெட்டியில். என் கண்ணுக்கு ஒரு கீறலும் தப்பாது என்று சூப்பர்வைசரே சொல்வார். அப்பேர்ப்பட்ட நான், என் உடம்பை மட்டும் இத்தனை வருடம் பச்சைப் பெட்டியிலேயே போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

போன வருடக் கடைசியில் செங்கல்பட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். கூட என் மாமியாரும் வந்திருந்தார். "மாதவிலக்கு சமயத்துல வலி பத்துக்கு எவ்வளவு இருக்கும்?" என்று டாக்டர் கேட்டார். ஒன்பது என்று நுனிநாக்குவரை வந்தது. ஒரு பக்கம் கணவர், இன்னொரு பக்கம் மாமியார், இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது என்று சொன்னால், இவள் குழந்தை பெறுகிற உடம்பே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்களோ என்று பயந்தேன். "அஞ்சு" என்றேன். டாக்டரும் எழுதிக்கொண்டு வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

நாலு மாதம் கழித்து ஸ்கேனில்தான் குட்டு வெளிப்பட்டது. இடது சினைப்பையில் கட்டி. பெயர் சாக்லேட் கட்டியாம். கேட்டதும் சிரித்துவிட்டேன். பழைய ரத்தம் உள்ளேயே தங்கி அந்த நிறத்துக்கு வந்துவிடுவதால் அந்தப் பெயர் என்றார்கள். கருப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியிலும் ஒட்டி வளர்ந்து, மாதாமாதம் அங்கேயும் ரத்தம் கசிகிறதாம். நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். அதை ஒழுங்காகச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது, என் கணவருக்கு இன்னும் வரவில்லை. சித்திரையில் வயிற்றில் மூன்று ஓட்டை போட்டு ஆபரேஷன் செய்தார்கள். மறுநாள் டாக்டர் வந்து என் கட்டில் பக்கத்தில் நின்றார்.

"குடல் வரைக்கும் ஒட்டியிருந்துச்சு. இதையா அஞ்சுன்னு சொன்னீங்க?"

நான் தலையணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முடிந்ததை எடுத்துவிட்டார்கள், எல்லாவற்றையும் எடுக்க முடியவில்லை. வலி கொஞ்சம் குறையும், அடியோடு போகாது. விட்டால் திரும்ப வளரும். ஆபரேஷனுக்குப் பிறகு வருகிற ஆறு மாதம்தான் எங்களுக்கு நல்ல நேரம், அதை வீணடிக்கக் கூடாது. அதற்குள் கரு தங்காவிட்டால் டெஸ்ட் ட்யூப் வழியைத்தான் யோசிக்க வேண்டும். "வலியே வராம இருக்க ஹார்மோன் மாத்திரை இருக்கு. ஆனா அதைப் போட்டா கருவும் தங்காது. ரெண்டுல ஒண்ணுதான்," என்றார். நான் யோசிக்கவே இல்லை. குழந்தைதான் என்றேன். வலி இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது, அதனால் சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

வைகாசியில் ஒரு வட்டம் விழுந்தது. ஆனியில் இன்னொன்று. அடுத்தது ஆடியில்.

என் மாமியார் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பத்தில் இருக்கிறார். கரையில் மீனை ஏலம் எடுத்து, திருக்கழுக்குன்றம் வரைக்கும் கூடை தூக்கிப் போய் விற்கிறவர். குரல் அலைச்சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பதால் போனிலும் அப்படித்தான் பேசுவார். ஆடி பிறந்ததும் போன் வந்தது.

"இன்னாமே, நல்லா கீறியா? ரெண்டாவது நாயித்துக்கெயம கூழு ஊத்தலாம்னு கீறேன். உனுக்காவத்தான் வேண்டிக்கினு கீறேன். நீதான் உன் கையால ஊத்தணும். வந்துடு."

குழந்தை வேண்டி அம்மனுக்குக் கேழ்வரகுக் கூழ். குழந்தை வேண்டியவளே சொம்பில் மொண்டு ஊர்ச்சனத்துக்கு ஊற்ற வேண்டும் என்பது அவருடைய வேண்டுதல். காலண்டரைப் பார்த்தேன். என் தேதி சரியாக அதற்கு முந்தின சனிக்கிழமை விழுந்தது.

"வந்துடறேன் அத்தே. ஒண்ணும் பிரச்சினை இல்ல," என்று சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக மெடிக்கலுக்குப் போனேன். "தள்ளிப்போடுற மாத்திரை" என்றால் போதும். சீட்டு கேட்க மாட்டார்கள், எத்தனை நாளுக்கு என்று மட்டும் கேட்பார்கள். இது எனக்குப் புதிதல்ல. பத்தாம் வகுப்பில் அக்கா கல்யாணத்துக்கு அம்மாவே வாங்கிக் கொடுத்தது. கம்பெனியில் எங்கள் லைனில் ஆடி மாதம் வந்தால் பாதிப் பெண்கள் கைப்பையில் இந்த அட்டை இருக்கும். ஒருத்திக்குத் தீர்ந்துபோனால் இன்னொருத்தி கடன் கொடுப்பாள். மருந்து என்றே நாங்கள் யாரும் அதை நினைத்ததில்லை. குழந்தைக்காக வைத்த வேண்டுதலில் நிற்பதற்காக, குழந்தைக்காக எண்ணிக் கொடுத்த ஆறு மாதத்தில் கை வைக்கிறேன் என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

கூழ் நன்றாகவே நடந்தது. வேப்பிலை கட்டிய பானையிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினேன். கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் தொட்டுக்கொண்டு சனங்கள் குடித்தார்கள். மாமியார் என் நெற்றியில் குங்குமத்தை அப்பி, "அடுத்த ஆடிக்கு இடுப்புல ஒண்ணு இருக்கும் பாரு," என்றார். பஸ்ஸில் திரும்பும்போதுதான் கவனித்தேன், இடுப்பு வலிக்கவில்லை. காலையிலிருந்து நின்றிருக்கிறேன். தேதியும் தாண்டியாயிற்று. எங்கேயும் வலி இல்லை.

திங்கட்கிழமை காலை மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். அட்டையில் இன்னும் ஆறு மாத்திரை இருந்தது. தண்ணீரைக் குடித்து ஒன்றை விழுங்கினேன். இந்த ஒரு வாரம் மட்டும், கம்பெனியில் ஆடிட் இருக்கிறது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். ஆடிட் வியாழனோடு முடிந்தது. வெள்ளிக்கிழமை வேறொரு மெடிக்கலுக்குப் போய் இன்னும் இரண்டு அட்டை வாங்கினேன். அதே கடைக்குப் போக வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலேயே தெரிந்திருக்க வேண்டும், டாக்டர் சொன்ன மாத்திரையும் இதுவும் அக்கா தங்கை என்று. தெரிந்தது. தெரிந்துதான் போட்டேன்.

யாரிடமும் இதுவரை சொல்லாததைச் சொல்கிறேன்: அந்த நாட்கள் அவ்வளவு நன்றாக இருந்தன. மேஜைமுன் நின்றால் கால்கள் கால்களாக இருந்தன. கழிவறைக்குப் போகப் பயமில்லை. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஜி.எஸ்.டி. ரோட்டை வேடிக்கை பார்த்தேன். பதினெட்டு வருடமாக உடம்பைக் கவனித்தே பழகியவளுக்கு ரோட்டைக் கவனிப்பது புது அனுபவம். மற்ற பெண்கள் தினமும் இப்படித்தான் இருக்கிறார்களா? நினைத்தால் ஆத்திரமாக வந்தது. ஒருவேளை ஏற்கெனவே கரு தங்கியிருந்து அதன்மேல் மாத்திரை போட்டுவிட்டேனோ என்று ஒருநாள் பகீரென்றது. கம்பெனி கழிவறையிலேயே டெஸ்ட் செய்து பார்த்தேன். ஒற்றைக் கோடு. வருத்தப்படுவதற்குப் பதில், அப்பாடா, இன்னும் கொஞ்ச நாள் போடலாம் என்று தோன்றியது. தோன்றியதற்குப் பிறகுதான் என்மேல் எனக்கே பயம் வந்தது.

வீட்டில் ஒரு ஆள் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் மறந்துபோனேன்.

போன வட்டத்திலிருந்து எண்ணி முப்பத்தைந்தாம் நாள் அவர் மாதுளம்பழம் வாங்கி வந்தார். நாற்பதாம் நாள் தண்ணீர் கேனைத் தூக்க விடவில்லை. வண்டியில் போகும்போது ஒவ்வொரு வேகத்தடைக்கும் இரண்டு காலையும் ஊன்றி அங்குலம் அங்குலமாக இறக்கினார். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்துத் திட்டினார்கள். வாயைத் திறந்து மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் கலைந்துவிடும் என்று பயம். இரண்டு தரம் நம்பி ஏமாந்த ஆள். "டெஸ்ட் எடுத்துப் பாக்கலாமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். "அம்பது நாள் ஆகட்டும்," என்றேன். சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். அவர் சாப்பிடும்போது காலண்டரைப் பார்த்துச் சிரிப்பார், நான் இன்னொரு கரண்டி சோற்றை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

ஐம்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு வாசலில் மாமியார் குரல். பஸ்ஸும் ரயிலும் மாறி, பையில் ஐஸ் போட்ட வஞ்சிரத்தோடு வந்து நிற்கிறார். மகன் போனில் சொல்லியிருக்கிறார்.

"அம்பது நாளு ஆவுதாமே! எனுக்கு அப்பவே தெரியும், ஆத்தா கைவுட மாட்டா. சுறா கொயந்த பொறந்தப்புறம் துன்லாம், இப்போ வஞ்சரம் துன்னு. உக்காரு, நின்னுகினே இருக்காத."

என்னைத் தள்ளி உட்கார வைத்துவிட்டு அரிவாள்மனையை இழுத்துப் போட்டார். என் கணவர் அம்மாவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

"அத்தே, ஒண்ணும் இல்ல. கூழுக்காக நாள் தள்ளிப்போக மாத்திரை போட்டேன். இன்னும் போட்டுக்கினுதான் இருக்கேன். அதான் வரல."

மாமியாரின் கை அரிவாள்மனைமேல் நின்றது. கணவர் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே வைத்திருந்தார்.

"கூழுக்கா?" மாமியார் கத்தினார். "நான் உன்னாண்ட கேட்டனா? ஆத்தா கேட்டாளா? ஆடில எத்தினி நாயித்துக்கெயம கீது! இந்த வாரம் முடியாதுன்னா அடுத்த வாரம் ஊத்தினு போறேன். ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாமே உனுக்கு? எங்க குப்பத்துல ஒவ்வொரு வூட்லயும் அப்பிடித்தான மாத்திக்கிறோம்!"

எனக்கு அது தெரியாது. ஆறு வருடமாக அந்த வீட்டு மருமகள், ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை, மாமியார்மேலேயே பாய்ந்தேன்.

"கூழு முடிஞ்சி மூணு வாரம் ஆச்சி அத்தே. அப்பறமும் ஏன் போட்டேன்னு கேளுங்க! வலிக்குது. மாசாமாசம் செத்துப் பொழைக்கிறேன். மாத்திரை போட்டா வலிக்கல. அதான் போட்டேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டாக்டராண்ட அஞ்சுன்னு சொன்னியே?"

"பொய் சொன்னேன்."

மாமியார் மீனைத் துண்டு போட்டு, கழுவி, மசாலா தடவிப் பொரித்தார். துண்டு போட்ட வேகத்திலேயே கோபம் தெரிந்தது. அடுப்படிச் சுவரில் தெறித்துக் காய்ந்ததை நான் மறுநாள் சுரண்ட வேண்டியிருந்தது. நடுத்துண்டுகளை என் தட்டில் வைத்தார்.

மாலையில் அவரைச் செங்கல்பட்டு ரயிலில் ஏற்றிவிட ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்குப் போனோம். ரயில் கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "நாளிக்கு டாக்டராண்ட போ. உண்மைய சொல்லு," என்று மொத்த பிளாட்பாரத்துக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். ரயில் போனபிறகும் என் கணவர் நகரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். திட்டப் போகிறார், திட்டட்டும் என்று இருந்தேன்.

"ஒண்ணு கேக்கவா?"

"கேளுய்யா."

"இத்தினி நாளும் உனுக்கு வலிக்கவே இல்லியா?"

"இல்ல."

"கொஞ்சம்கூட?"

"கொஞ்சம்கூட."

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சமைக்கும்போது பாடிக்கினு இருந்த. ஆறு வருசத்துல நீ பாடி நான் கேட்டதே இல்ல. கொயந்த நின்னுடுச்சி, அந்த சந்தோசம்தான்னு நெனச்சிக்கினேன்."

நான் பாடினேன் என்பதே எனக்குத் தெரியாது.

"வேணும்னா இன்னும் ஒரு மாசம் போட்டுக்கோ," என்றார். "நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன்."

"யோவ், உனக்கு மறை கழண்டு போச்சா? ஆறு மாசத்துல நாலு போயாச்சு!" என்று கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பக்கத்து பெஞ்சிலிருந்த அம்மாள் அவரை முறைத்தார், என்னை அடித்துவிட்டார் என்று நினைத்திருப்பார். எனக்குக் குழந்தை வேண்டும், வலி வேண்டாம், இரண்டும் நிஜம், ஒன்று இருப்பதால் இன்னொன்று பொய்யாகிவிடாது என்று மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். மிச்சமிருந்த மாத்திரை அட்டையைப் பையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், தூக்கி எறியவில்லை.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு இரண்டு பேரும் டாக்டரிடம் போனோம். டெஸ்ட் எடுக்காமல் முதல் மாத்திரையைப் போட்டதற்குத்தான் அதிகமாகத் திட்டு விழுந்தது. நிறுத்தியாயிற்று என்றதும் தணிந்தார். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, நீட்டினால் மூன்று, முயற்சி செய்யுங்கள் என்றார். வலிக்கு வேறு மாத்திரை எழுதி, எந்த நாள் எவ்வளவு வலி என்று குறித்துக்கொண்டு வரச் சொன்னார். "இந்தத் தடவையாவது சரியான நம்பர் வேணும்," என்றார், என்னைப் பார்த்தே.

புதன்கிழமை வந்தது. மூன்று வாரம் வாங்கிய கடனை வட்டியோடு கேட்பது மாதிரி வந்தது. கம்பெனியில் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றவளை சூப்பர்வைசர் மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அடுப்படித் தரையில், சுவரோடு முதுகைச் சாய்த்து, காலை மடக்கி உட்கார்ந்திருந்தேன். அந்தத் தரைதான் சில்லென்று இருக்கும். கணவர் வேலையிலிருந்து வந்து என்னைப் பார்த்தார். பேனாவை எடுத்துக் காலண்டரில் வட்டம் போட்டார். பெருமூச்சுக்காகக் காத்திருந்தேன், வரவில்லை. மூடியைச் சொருகாமல் திரும்பினார்.

"பத்துக்கு எத்தினி?"

"ஏழு," என்றேன் பழக்க தோஷத்தில்.

வட்டத்துக்குள் ஏழு என்று எழுதினார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி, ஏழு என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் ஒன்பது என்று எழுதினேன்.